கட்டணமில்லாத இடத்துக்கு 350 பவுண்டா? யார்க்கில் ஒரு நாள்

கேள்வி: மதுரையிலிருந்து வந்து இங்கிலாந்தின் லீட்ஸில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். கணவருக்கு 71 வயது, முழங்கால் வலி. பேரனுக்கு நான்கு வயது. மகன், மருமகளோடு ஐந்து பேராக ஒரு நாள் யார்க் பார்த்துவர ஆசை. வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஒருவர், "காரில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன், எல்லா டிக்கெட்டும் அடக்கம், ஆளுக்கு 70 பவுண்டு" என்கிறார். ரயில்வே மியூசியம், கோட்டைச் சுவர், ஷாம்பிள்ஸ் தெரு, மியூசியம் கார்டன்ஸ், ஜார்விக், வெளியிலிருந்து மின்ஸ்டர் என்று பட்டியலும் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பட்டியலில் டிக்கெட் வாங்க வேண்டிய இடம் ஜார்விக் என்ற வைக்கிங் அருங்காட்சியகம் ஒன்றுதான். ரயில்வே மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கோட்டைச் சுவரில் யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். ஷாம்பிள்ஸ் என்பது தெரு. மியூசியம் கார்டன்ஸ் பூங்கா. மின்ஸ்டர் என்பது ஊரின் பெரிய தேவாலயம், அதை வெளியிலிருந்து பார்க்க நம் ஊர்க் கோபுர தரிசனம் மாதிரி தலையைத் தூக்கினால் போதும். இதற்கு 350 பவுண்டு!

பணம் போனால்கூடப் பரவாயில்லை, எனக்குக் கவலை அந்தக் கார்தான். இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிறவருக்கு உள்ளூர் கவுன்சில் கொடுத்த பிரைவேட் ஹயர் லைசென்ஸ் வேண்டும். ஓட்டுநருக்கு, வண்டிக்கு, புக்கிங் எடுக்கிறவருக்கு என்று மூன்றும் தனித்தனி. சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. வழியில் ஏதாவது ஆனால் 'நம்ம ஊர் ஆள், நல்ல மனுஷன்' என்பதெல்லாம் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எடுபடாது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, உங்கள் லைசென்ஸ் பேட்ஜை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" உண்மையான ஓட்டுநர் அடுத்த நிமிடம் அனுப்புவார். மற்றவர் "என்னக்கா, நம்ம மேல நம்பிக்கை இல்லையா" என்று ஆரம்பிப்பார். பேரனுக்கு சைல்ட் சீட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை காரில் அது வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ரயிலில் போங்கள். லீட்ஸிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து போவதால் 'குரூப்சேவ்' என்ற சலுகை உண்டு. நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், சலுகைக் கார்டு எதுவும் வேண்டாம். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு ரயிலில் கட்டணமே இல்லை. டிக்கெட்டை ரயில் கம்பெனியின் சொந்தத் தளத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அதே டிக்கெட்டை அதே விலைக்கு விற்று, மேலே புக்கிங் ஃபீஸ் என்று வசூலிக்கும் ஆப்களும் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கை மட்டும் விலாவாரியாகச் சொல்கிறேன், எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அது. நாளைக்கு நீங்களும் மருமகளும் பேரனும் மட்டும் எங்காவது போவதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இரண்டே பேர், அதனால் குரூப்சேவ் கிடையாது. அப்போது உதவுவது மருமகள் பெயரில் எடுக்கும் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. ஆனால் கூட ஒரு குழந்தை டிக்கெட் இருந்தால்தான் கார்டு செல்லும். உங்கள் பேரனுக்குத்தான் டிக்கெட்டே வேண்டாமே? வேண்டாம்தான், இருந்தாலும் வாங்க வேண்டும். இலவசமாகப் போகிற பிள்ளைக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தால்தான் பெரியவர்களுக்குத் தள்ளுபடி. எடுக்காமல் ஏறினால் பரிசோதகர் வரும்போது உங்கள் டிக்கெட் செல்லாது. பிள்ளை கண்ணெதிரே உட்கார்ந்திருப்பதெல்லாம் கணக்கில் வராது. இப்படி ஒரு விதியை எழுதியவர் குழந்தையோடு ரயில் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம். இந்த நாட்டு ரயில் கட்டணத்தைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு படிப்பு வைக்கலாம்.

சரி, யார்க் வந்தாயிற்று. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ரயில்வே மியூசியம். சமதளம், ஐயாவின் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் சாதனை படைத்த மல்லார்ட் இந்த மியூசியத்தின் சொத்து. ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டியும் இருக்கிறது. பேரன் அங்கிருந்து லேசில் நகர மாட்டான், காலைப் பொழுதை அதற்கே ஒதுக்குங்கள். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது நன்கொடை கேட்பார்கள். அது உங்கள் விருப்பம், கட்டணம் அல்ல.

ஐயா கோட்டைச் சுவர் ஏற வேண்டாம். செங்குத்தான படிகள், சில இடங்களில் கைப்பிடிக் கம்பியும் இல்லை. ஜார்விக்கில், அந்தக் காலத்து ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வாழ்ந்த தெருவை, 1976 முதல் 1981 வரை அகழ்ந்த அதே இடத்தில், வாடையோடு அமைத்திருக்கிறார்கள். சின்ன வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். நேரம் குறித்த டிக்கெட்டை அவர்கள் தளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம்தான். நன்கொடை சேர்த்து, சேர்க்காமல் என்று இரண்டு விலை காட்டினால் நீங்கள் சேர்க்காததை எடுங்கள். நன்கொடையோடு நீட்டுகிற கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகைப் படிவம் இங்கே வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்.

வழி கேட்டால் குழம்பாதீர்கள். இந்த ஊரில் 'கேட்' என்றால் தெரு, 'பார்' என்றால் கோட்டை வாசல். மிக்கில்கேட் பார் என்று யாராவது கை காட்டினால் ஐயாவை முறைக்க வேண்டாம்.

சாப்பாடு. யார்க்‌ஷயரில் உருளைக்கிழங்கு சிப்ஸ் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகள் பலவற்றில் பரம்பரையாகப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். ஒரு கடையில் "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கவுன்ட்டரில் நின்ற பையன் "பீஃப் டிரிப்பிங்!" என்றான், நம் ஊரில் 'சுத்தமான நெய்' என்று சொல்கிற அதே பெருமையோடு. யார்க்‌ஷயர் புடிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பென்று வாங்காதீர்கள். முட்டை போட்டுச் செய்வது, அதற்கும் அந்தக் கொழுப்பு சேர்வதுண்டு. மெனுவில் 'வி' குறி இருந்தாலும் எந்த எண்ணெய் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெட்டீஸ் டீக்கடை பிரசித்தம். வாசலில் வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது தாங்காது.

என்னைக் கேட்டால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் மியூசியம் கார்டன்ஸ் புல்லில், இடிந்த செயின்ட் மேரீஸ் மடத்தின் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். மழை வந்து ஓட்டலுக்குள் போனால் 'டாப் வாட்டர்' என்று கேளுங்கள், மது விற்க உரிமம் உள்ள கடைகள் அதை இலவசமாகத் தர வேண்டும். வெறும் வாட்டர் என்றால் பாட்டில் வரும், பில்லிலும் வரும். பில்லின் அடியில் 'ஆப்ஷனல்' என்று சர்வீஸ் சார்ஜ் இருந்தால், பிடிக்காதபோது எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மின்ஸ்டருக்குள் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு இல்லை. மாலையில் ஈவன்சாங் என்ற பாடல் வழிபாடு நடக்கும். யாரும் போய் உட்காரலாம், மதம் கேட்க மாட்டார்கள். அன்றைய நேரத்தை மின்ஸ்டர் தளத்தில் பார்த்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகப் போங்கள். பேரன் சத்தம் போட்டால் எழுந்து வர வசதியாக ஓரத்து இருக்கையில் உட்காருங்கள். முடிந்ததும் மெதுவாக நடந்தால் ஸ்டேஷன். லீட்ஸுக்கு ரயில்கள் அடிக்கடி உண்டு, ஓட வேண்டியதில்லை.