டேவ் எட்மண்ட்ஸின் 'ராக்பைல்': கேள்வி பதில்

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்து கிதார்காரர் டேவ் எட்மண்ட்ஸ், 1972-ல் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் 'ராக்பைல்'. போன வாரம் அதைப் பற்றி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இவர் இதற்கு முன்னால் யார்? பேரே கேள்விப்பட்டதில்லை.

'லவ் ஸ்கல்ப்சர்' என்ற மூன்று பேர் குழுவின் கிதார்காரர். ஆர்மீனிய இசையமைப்பாளர் கச்சதூரியனின் 'சேபர் டான்ஸ்' என்ற பாலே இசையை அசுர வேகத்தில் கிதாரில் வாசித்தார்கள். 1968-ல் அது பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 5-ம் இடம் வரை போனது. விரல் வேகத்துக்குக் கைதட்டல் வாங்கிய ஆள், தனியாக வந்ததும் நாலே நாலு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும் என்று ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

கேள்வி: இந்த ஆல்பத்தின் 'ஐ ஹியர் யூ நாக்கிங்' பாட்டை போனில் கேட்டால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நல்ல பிரிண்ட் எங்கே கிடைக்கும்?

பிரிண்ட் நல்ல பிரிண்ட்தான். அந்தக் குரலே அப்படித்தான். குரலின் கனமான அடி ஒலியை வழித்தெடுத்துவிட்டு, டெலிபோனில் பேசுகிற மாதிரி வேண்டுமென்றே மெலிதாக்கியிருக்கிறார். குரல் ஒதுங்கிக்கொண்டதால் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் இடம் கிடைக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள்: அந்த 'டக் டக்' நெஞ்சில் வந்து விழும்.

கேள்வி: பழைய பாட்டைத் திரும்பப் பாடியதற்கு இவ்வளவு அலட்டலா? காப்பிதானே சார்?

கோபமாகக் கேட்டிருக்கிறார், ஆனால் நியாயமான கேள்வி. மூலப்பாட்டு 1955-ல் நியூ ஆர்லியன்ஸ் பாடகர் ஸ்மைலி லூயிஸ் பாடியது. எழுதியவர்களில் முக்கியமானவர் டேவ் பார்தலோமியூ. பியானோ வாசித்தவர் ஹியூயி ஸ்மித். அதில் திஸ்ர நடையில் உருளும் பியானோதான் எல்லாம். பாட்டு சாவகாசமாக அசைந்து போகும்.

எட்மண்ட்ஸ் முதலில் பதிவு செய்ய நினைத்தது இதை அல்ல, வில்பர்ட் ஹாரிசனின் 'லெட்ஸ் வொர்க் டுகெதர்'. 'கேன்டு ஹீட்' குழு முந்திக்கொண்டது. கையில் ஒரு தாளக்கட்டு சும்மா கிடக்க, ஸ்மைலி லூயிஸ் பாட்டைக் கேட்டிருக்கிறார். இந்த வரிகள் அந்தத் தாளக்கட்டில் உட்காரும் என்று தோன்றியிருக்கிறது. பியானோ இருந்த இடத்துக்கு, கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிதார் வந்தது. ஒரு பாட்டின் வரியை இன்னொரு பாட்டின் முதுகில் ஏற்றியிருக்கிறார். இதைக் காப்பி என்று என்னால் சொல்ல முடியாது.

கடனையும் மறைக்கவில்லை. பாட்டின் நடுவே தன் முன்னோடிகளை, ஃபேட்ஸ் டாமினோ, ஸ்மைலி லூயிஸ், சக் பெர்ரி, ஹியூயி ஸ்மித் என்று பெயர் சொல்லிக் கூவுகிறார். 1970 இறுதியில் அது பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம், அமெரிக்காவில் 4-ம் இடம். 'பீட்டில்ஸ்' ஜான் லெனன் அந்த டிசம்பரில் கொடுத்த நீண்ட பேட்டியில் பாராட்டிச் சொன்ன பாட்டும் இதுதான். ஸ்மைலி லூயிஸுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. 1966-லேயே போய்விட்டார்.

கேள்வி: எல்லா வாத்தியமும் இவரே வாசித்தாராமே?

எல்லாம் இல்லை, ஆனால் பெரும்பகுதி அவர்தான். இடம், வேல்ஸின் மன்மத் (Monmouth) ஊருக்குப் பக்கத்தில் 'ராக்ஃபீல்ட்'. கிங்ஸ்லி வார்ட், சார்ல்ஸ் வார்ட் என்ற அண்ணன் தம்பி தங்கள் பால் பண்ணையையே ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். அங்கேயே தங்கி ராப்பகலாக ஒவ்வொரு டிராக்காக அடுக்கலாம். லண்டன் ஸ்டுடியோக்களில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக்கொண்டு இந்த மாதிரி நோண்ட முடியுமா?

கேள்வி: ஐம்பதுகளின் 'எக்கோ' எப்படி வந்தது? நான் வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவன்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் அதன் முதலாளி சாம் பிலிப்ஸ் செய்த வித்தை அது. டேப் மெஷினில் பதிவு செய்யும் ஹெட் (டேப் உரசிப்போகும் காந்த முனை) முதலில், படிக்கும் ஹெட் கொஞ்சம் தள்ளி. பதிவான ஒலி அந்த இடைவெளியைக் கடந்து வர ஒரு நொடியின் சிறு பகுதி ஆகும். அதை நேரடி ஒலியோடு கலந்தால் ஒரே ஒரு எதிரொலி, பளிச்சென்று. டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓட, ஹெட்டுகளுக்கு நடுவே 2 அங்குலம் இருந்தால் சுமார் 133 மில்லிசெகண்ட். உங்கள் சாஃப்ட்வேரில் டிலேயை (எதிரொலித் தாமதம்) 100-லிருந்து 140 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள், எதிரொலியைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் ஃபீட்பேக்கை பூஜ்யம் ஆக்குங்கள். அறை முழக்கம் சேர்க்கும் ரிவர்பைத் தொடாதீர்கள், தொட்டால் எல்லாம் கோயில் மண்டபம் ஆகிவிடும்.

கேள்வி: ஆல்பம் முழுக்க நல்லதா? உண்மையைச் சொல்லுங்கள்.

முழுக்க இல்லை. சக் பெர்ரியின் 'பிராமிஸ்டு லேண்ட்', 'ஸ்வீட் லிட்டில் ராக் அண்ட் ரோலர்' இரண்டும் தூள். 'லவர் நாட் எ ஃபைட்டர்' அதைவிட எனக்குப் பிடிக்கும். நீல் யங், பாப் டிலன் பாட்டுகளும் உண்டு. அவற்றையும் அதே பட்டறையில் போட்டுத் தட்டியிருக்கிறார். டிலனின் 'அவுட்லா ப்ளூஸ்' இழுவை. 'இட் எய்ன்ட் ஈஸி' பரவாயில்லை ரகம். அதே ஆண்டு டேவிட் போவியும் அதை ஆல்பத்தில் வைத்திருந்தார், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அந்த நேரத்தில் பழைய ராக் அண்ட் ரோல் அலையே அடித்ததே? இவரும் அதில் ஏறினவர்தானா?

அலை இருந்தது. 1972 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ், சக் பெர்ரி எல்லாரும் ஒரே மேடையில் பாடினார்கள். ஆனால் அலையில் பாதிப் பேர் தலைமுடிக்கு எண்ணெய் தடவி வேஷம் கட்டினார்கள். இவர் வேஷம் கட்டவில்லை, சத்தத்தின் பின்னால் போனார். பிறகு 'ஸ்ட்ரே கேட்ஸ்' என்ற அமெரிக்கப் பையன்கள் லண்டனுக்கு வந்தபோது 'ராக் திஸ் டவுன்' பாட்டுக்குத் தயாரிப்பாளர் இவர்தான்.

கேள்வி: 'ராக்பைல்' ஒரு பேண்ட் பெயர் என்று நினைத்தேனே?

அதுவும் சரி. பின்னால் நிக் லோ, பில்லி பிரெம்னர், டெர்ரி வில்லியம்ஸ் மூவரோடு சேர்ந்து நடத்திய குழுவுக்கும் இதே பெயரை வைத்துக்கொண்டார். எட்மண்ட்ஸும் லோவும் வெவ்வேறு கம்பெனி ஒப்பந்தத்தில் மாட்டியிருந்ததால் அவரவர் தனி ஆல்பங்களில் நால்வரும் வாசித்தார்கள். குழுவின் பெயரில் வந்த ஸ்டுடியோ ஆல்பம் 1980-ல் ஒன்றே ஒன்றுதான்.