மகனுக்கு லீக் டூ கிளப்பில் இடம் கிடைத்திருக்கிறது: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஆடும் கிளப் ஒன்று உங்கள் மகனுக்கு இரண்டாண்டு ஸ்காலர்ஷிப், அதாவது பயிற்சி வீரர் இடம், தருகிறது. ஏ லெவல் என்ற மேல்நிலைப் படிப்பை விட்டுவிட்டு அங்கே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஆனால் எதற்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள்.

பதினாறு வயதோடு படிப்பு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். கால்பந்து லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து 2004இல் தொடங்கிய எல்எஃப்இ அமைப்பு, இந்தப் பயிற்சிக் காலத்தில் கல்வியையும் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. பல பிள்ளைகள் விளையாட்டுத் துறையில் பீடெக் என்ற தொழிற்கல்வி டிப்ளமா முடிக்கிறார்கள். அதை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மகனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பாடத்தையாவது ஏ லெவலில் எழுத வழி உண்டா என்று கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் கேளுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது மே மாதத்தைப் பற்றித்தான். இந்த மட்டத்தில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு; ஜூன் 30இல் முடிந்துவிடும். சீசன் முடிந்ததும் யார் இருக்கிறார், யார் போகிறார் என்று கிளப் பட்டியல் வெளியிடும். பதினெட்டு வயதில் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கலங்கும் பிள்ளை, இருபத்தொன்பது வயதில் மனைவி, குழந்தை, வீட்டுக்கடனோடும் அதே பட்டியலுக்குக் காத்திருப்பான். ஸ்காலர்ஷிப் முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பதில்லை. இதை அவனிடம் இப்போதே சொல்லுங்கள், மறைப்பது அன்பாகாது.

அவன் சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரன், என்பது ஒருவகையில் நல்லது. அந்த இடத்தில் ஆடுபவர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள். பதினெட்டு வயதில் அவனை ஆறாம் அடுக்கான நேஷனல் லீக் நார்த் அணி ஒன்றுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பலாம். செவ்வாய் இரவு, மழை, சேறு. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்த முப்பத்து நான்கு வயது ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) அவன் விலாவில் முழங்கையை ஊன்றி நிற்பார். நீண்ட த்ரோ கோல் வாயில் வந்து விழும். முதலில் தலையால் முட்டி வெளியேற்றுவது யார் என்பதுதான் அங்கே பாடம். அகாடமியில் அதைக் கற்பிக்க முடியாது. அவனைத் தள்ளிவிட்டார்கள் என்று அப்போது நினைத்துவிடாதீர்கள்.

தடுப்பாட்டக்காரர் டேன் பர்னைப் பாருங்கள். நியூகாசில் கிளப் அவரைப் பதினோரு வயதில் விடுவித்தது. பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ட்ராலி தள்ளினார், டார்லிங்டனில் ஆடினார், யோவிலுக்குக் கடனாகப் போய் 2013இல் வெம்ப்ளியில் நடந்த பிளே ஆஃப் (மேல் லீக்குக்கு உயர்வதற்கான) இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். 2025 மார்ச்சில் நியூகாசிலுக்காக லீக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்து, அதே மாதம் முப்பத்திரண்டு வயதில் இங்கிலாந்து அணியில் அறிமுகமானார். மனதைத் தொடும் கதைதான், ஆனால் அபூர்வம். அவனுக்கு நான் காட்ட விரும்புவது கிரஹாம் அலெக்சாண்டரை. ஸ்கன்தார்ப், லூட்டன், பிரெஸ்டன் என்று கீழ் லீக்குகளிலேயே பல்லாண்டு உழைத்து, முப்பத்தேழு வயதில், 2009இல், பர்ன்லியோடு முதன்முதலாகப் பிரீமியர் லீக்கில் ஆடினார். ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடி ஓய்வு பெற்று, பயிற்சியாளராகி, 2025இல் பிராட்ஃபோர்ட் அணியை லீக் டூவிலிருந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு உயர்த்தினார். உடம்பைப் பேணியதும் அடுத்த வேலையைக் கற்றுக்கொண்டதும்தான் அவரைக் காப்பாற்றின.

நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் தருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விமல் யோகநாதன் 2024இல் பார்ன்ஸ்லி அணியில் இறங்கிவிட்டார். கதவு திறந்திருக்கிறது, உள்ளே இன்னும் கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கையெழுத்திடும் முன் கிளப்பிடம் இவற்றைக் கேளுங்கள்: கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேருக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தார்கள், விடுபட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, தங்குவது எந்தக் குடும்பத்தோடு. ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். 1907இல் தொடங்கிய வீரர்கள் சங்கத்திடமும் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்புக்கு மகனையும் அழைத்துப் போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும்.