பம்ப் நின்ற பிறகும் ஏறும் கணக்கு

கேள்வி: மேல்விஷாரம் அருகே சிறிய தோல் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறோம். நீரைச் சவ்வால் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிரிவில் கழிந்து வரும் உப்பு மிகுந்த ரிஜெக்ட் நீரை ஆவியாக்கும் பிரிவுக்குக் கொண்டுசெல்லும் 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில், வெளியே பட்டையால் கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரைப் பொருத்தியிருக்கிறோம். பகலில் நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவுக்கே நீர் ஓடுகிறது. இரவு 12 மணி நேரம் பம்ப் நின்றிருந்தும் காலையில் பார்த்தால் 850 லிட்டர் கூடியிருக்கிறது. விற்றவரோ, ‘கட் ஆஃப்’ அளவை நொடிக்கு 0.1 மீட்டர் என்று உயர்த்தினால் சரியாகிவிடும், இல்லையென்றால் விலை கூடிய மாடலுக்கு மாறுங்கள் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். முக்கியமாக, கட் ஆஃப் அளவில் இன்று யாரையும் கைவைக்க விடாதீர்கள். அதற்கான காரணத்தை உங்கள் குழாயின் கணக்கைக் கொண்டே சொல்கிறேன்.

50 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 0.085 மீட்டர் மட்டுமே. கட் ஆஃப் என்பது, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் சுழியம் என்று எழுதிவிடும்படி மீட்டருக்கு இடும் கட்டளை. அதை 0.1 என்று வைத்தால் இரவின் பொய்க் கணக்கு மறைவதோடு, பகல் முழுவதும் உண்மையாக ஓடும் நீரும் பதிவிலிருந்து மறைந்துபோகும். நாளெல்லாம் ரிஜெக்ட் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, மீட்டர் சுழியத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் மாசு ஏற்படுத்தியதற்காக 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது; பாலாற்றங்கரையில் கழிவுநீர்க் கணக்கு எவ்வளவு கூர்ந்து பார்க்கப்படும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடிய நீரை ஓடவில்லை என்று காட்டும் பதிவேடு உங்கள் கையொப்பத்தோடு இருக்கும். விற்றவருடைய கையொப்பம் அதில் இருக்காது.

இனி, 850 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்த மீட்டர், நீரோட்டத்தோடு ஒரு முறையும் அதற்கு எதிராக ஒரு முறையும் ஒலியை அனுப்பி, இரண்டுக்கும் பிடித்த நேரத்தின் வேறுபாட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்வதால், உங்கள் குழாயில் அந்த வேறுபாடு 3 நானோநொடி அளவுக்குத்தான் வரும். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோநொடி. இதில் ஒரு நானோநொடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகினால் போதும், நிற்கும் நீர் நொடிக்கு 0.01 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக மீட்டர் எண்ணும். அது 12 மணி நேரத்தில் சரியாக உங்கள் 850 லிட்டர். பெரிய குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் ஓடுமானால் இதே பிழை நூற்றுக்கு ஒன்று; உங்களிடம் அது நூற்றுக்குப் பன்னிரண்டு. எனவே இது சுழியப் பிழை என்றே கருதுகிறேன், மீட்டர் பழுதென்று நினைக்கவில்லை.

சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே தடவும் கிரீஸ் நம் ஊர் வெயிலில் உருகி வழிந்து காய்ந்துவிடும்; அதைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். பிறகு குழாய் நிரம்பியிருக்க, இரு பக்க வால்வுகளையும் மூடி, கால் மணி நேரம் விட்டு, விடியற்காலையில் சுழியத்தை அமையுங்கள், அதாவது இப்போது காட்டுவதே ஓட்டமற்ற நிலை என்று மீட்டரில் பதியுங்கள். வெயிலில் சூடேறிய குழாய்க்குள் நீர் தானாகவே மெல்லச் சுழலும் என்பதால் நண்பகலில் அமைக்கும் சுழியம் நிலைக்காது.

இங்கே ஒரு விலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மீட்டர் காட்டும் இரவு ஓட்டம் உண்மையாகவே இருக்கவும் கூடும். பம்பை நிறுத்துவதால் மட்டும் நீர் நின்றுவிடுவதில்லை. ஒருவழி வால்வின் இருக்கையில் சுண்ணாம்புப் படிவு சிக்கியிருந்தால் நீர் மெல்லப் பின்னோக்கிக் கசியும், ஆவியாக்கும் பிரிவின் தொட்டி தாழ்வாக இருந்தால் சைஃபனாக முன்னோக்கி இழுக்கும். அப்படிக் கசிந்துகொண்டிருக்கும் வேளையில் சுழியத்தை அமைத்தால், அந்தக் கசிவையே சுழியம் என்று மீட்டருக்குக் கற்பித்துவிடுவீர்கள். அதன் பின் ஒவ்வொரு மணி நேரக் கணக்கும் அதே அளவு தவறும். ஆகையால் பழைய கேட் வால்வை நம்பாமல் மீட்டருக்கு இரு புறமும் பால் வால்வு (பந்து வால்வு) போடுங்கள். பம்ப் நின்றிருக்க, அவை திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் மீட்டர் காட்டும் வேகத்தைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிழை மீட்டரின் சுழியத்தில் இருக்கிறது. வேறுபட்டால் நீர் உண்மையாகவே ஓடுகிறது, முதலில் அதை அடைக்க வேண்டும்.

விலை கூடிய மாடலைப் பற்றி: விளம்பரத் தாளில் ‘பிழை ஒரு சதவீதம்’ என்று இருக்கும். எதில் ஒரு சதவீதம் என்று கேளுங்கள். மீட்டரின் உச்ச வேகமான நொடிக்கு 10 மீட்டரில் ஒரு சதவீதம் என்றால் அது 0.1 மீட்டர், உங்கள் ஓட்டம் முழுவதையும்விட அந்தப் பிழை பெரியது. அளவுத்திருத்தச் சான்றிதழிலும் இதே ஏமாற்று உண்டு. நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வேகங்களில் சோதித்த தாளைக் கொடுத்துவிட்டு, 0.085 மீட்டரில் ஓடும் இடத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆய்வுக்கு வருபவர்களும் தாளின் தேதியைப் பார்க்கிறார்களே தவிர, எந்த ஓட்டத்தில் சோதித்தார்கள் என்று கேட்பதில்லை. ஆண்டுதோறும் இந்தத் தாளுக்காகப் பணம் செலவாகிறது, அளவு மட்டும் சரியாவதில்லை. நிமிடத்துக்கு 5, 10, 20 லிட்டர் ஆகிய அளவுகளில் சோதித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பாலக்காட்டிலேயே திரவ ஓட்டச் சோதனைக்கென்று எஃப்.சி.ஆர்.ஐ. நிறுவனம் இருக்கும்போது, அது முடியாத காரியம் என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

செலவிடுவதானால் குழாயைக் குறுக்குவதில் செலவிடுங்கள். ஒரு சிறு பகுதியை மட்டும் 25 மில்லிமீட்டராக்கினால் நீரின் வேகம் நான்கு மடங்காகும். ஆனால் வெளியே கட்டும் மீட்டரில் ஒலி கடக்கும் தூரமும் பாதியாகிவிடுவதால் பலன் இரண்டு மடங்குதான். குழாயின் நீளவாக்கில் ஒலி செல்லும்படி அமைந்த, குழாயோடு இணைக்கும் சிறு மீட்டரை வாங்கினால் முழுப் பலனும் கிடைக்கும். அதன் ஒலித்தகடுகளில் உப்பு படியும் என்பதால் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். நீர் மேல்நோக்கிச் செல்லும் செங்குத்துப் பகுதியில், மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போலப் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் விட்டுப் பொருத்துங்கள்.

பொருத்திய பின் யாருடைய சான்றிதழுக்கும் காத்திருக்காமல் நீங்களே சோதிக்கலாம். ரசாயனம் வந்த 200 லிட்டர் பீப்பாயைக் கழுவி, தோல் நிறுக்கும் தராசின் மேல் வைத்து, ரிஜெக்ட் நீரை 15 நிமிடம் அதில் விடுங்கள். உப்பு மிகுந்த நீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகையால் முதலில் ஒரு லிட்டரைத் தனியே நிறுத்து, பீப்பாயில் சேர்ந்த நீரின் எடையை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டிய லிட்டருக்கும் இதற்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் வால்வுகளை மூடிச் சுழியத்தை மறுபடி பாருங்கள். மாதம் ஒரு முறை இப்படிச் செய்து, நேரம், எடை, மீட்டர் அளவு மூன்றையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.