நாடி 48 இருக்கட்டும், மூச்சை எண்ணினீர்களா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய் செவலைக்கு ஐந்து வயது. போன மாதம் முள்கம்பியில் தொடை கிழிந்துவிட்டது. தையல் போடுவதற்காகச் சைலசின், கெட்டமின் என்று இரண்டு மயக்க ஊசி போட்டார்கள். முதல் ஊசியிலேயே வாந்தி எடுத்தான், ஈறு வெளுத்தது, நாடி 48 என்றார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடியே கிடந்தான். இணையத்தில் தேடினால் ‘ஹார்ட் பிளாக்’ என்று வருகிறது. அடுத்த மாதம் விரை நீக்க அறுவை சிகிச்சை. அவன் இதயம் தாங்குமா? ஊசி குறைவாகப் போதுமே என்று, அன்று காலை அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதியைப் பழைய சோற்றில் வைத்துக் கொடுத்திருந்தேன். அறுவைக்கு முன் அட்ரோபின் போடச் சொல்லலாமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியதில் இதயம் கெட்டுப்போனதற்கான அடையாளம் எதுவும் இல்லை. சைலசின் போட்டால் இரத்தக்குழாய்கள் இறுகும், அழுத்தம் ஏறும். மடையை இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறது, உடனே மேலே ஷட்டரைக் குறைக்கிறோம் இல்லையா? மூளையும் அதைத்தான் செய்கிறது, இதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்கிறது. ஈறு வெளுத்ததும் அந்த இறுக்கத்தால்தான். இணையம் சொல்லும் ‘ஹார்ட் பிளாக்’ என்பது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்குவதில் வரும் தாமதம். நம் ஊரில் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கும் அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஊசியால் வந்த தாமதம், மருந்தின் வேகம் இறங்கியதும் போய்விடும். வாந்தி சைலசினின் வழக்கம், திறந்த கண் கெட்டமினின் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. சைலசின் இதயத்தை இழுத்துப் பிடிக்கும், கெட்டமின் சற்று விரட்டும். கெட்டமின் தரும் தசை விறைப்பைச் சைலசின் தளர்த்தும்.

அட்ரோபின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் மருந்து, அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். குழாய்கள் இறுகியிருக்கும் நேரத்தில் இதயத்தை விரட்டினால் அதன் சுமைதான் கூடும்.

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த அரை மாத்திரை! தனியாகக் கொடுத்தால் அது பெரிய கேடு செய்யாமல் போகலாம். சில நாய்கள் அதைத் தின்று அமைதியாவதற்குப் பதிலாகத் துள்ளவும் செய்யும். ஆனால் அதன்மேல் இன்னும் இரண்டு மயக்க மருந்து ஏறும்போது அடி வாங்குவது மூச்சு. மருத்துவர் எடைக்குக் கணக்குப் போட்டு ஊசி ஏற்றியபோது, வயிற்றில் ஏற்கனவே ஒரு மருந்து கிடந்தது அவருக்குத் தெரியாது. போதாததற்குப் பழைய சோறு வேறு. விழுங்கும் உணர்வு மங்கிய நாய் வாந்தி எடுத்தால் சோறு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா ஆகலாம். ஒரு மாதமாக இருமல், காய்ச்சல் இல்லை என்றால் செவலை தப்பித்துவிட்டான்.

இந்த மருந்துக் கூட்டில் நான் பயப்படுவது நாடிக்கு அல்ல, மூச்சுக்கு. அதுவும் மேஜையில் அல்ல, வீட்டுக்குப் போகும் வழியில். அறுவை முடிந்து கிளம்பிய நாய் ஒன்றை அரை மணி நேரத்தில் அதே ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பெரியவர் மடியில் கிடத்தியிருந்தார். தலை மட்டும் மடிக்கு வெளியே தொங்கி, கழுத்து மடங்கி, நாக்கு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. கழுத்தை நேராக நீட்டி, நாக்கை வெளியே இழுத்து, ஆக்சிஜன் பிடித்தோம். நாலைந்து மூச்சில் சிவப்பு திரும்பியது. பெரியவர் வழியெல்லாம் நெஞ்சில் கை வைத்து ‘அடிக்குது, அடிக்குது’ என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்தது, மூச்சுதான் போகவில்லை.

அதனால் தலைதூக்கி உட்காரும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள். வீட்டில் விலா ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எட்டுக்கும் கீழே போனாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, உடனே கழுத்தை நீட்டிவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். எனக்கு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். வாயைத் துணியால் கட்டக் கூடாது. தண்ணீரும் அவன் தள்ளாடாமல் நிற்கும்வரை வேண்டாம். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, சீக்கிரம் குளிர்ந்துவிடும். நம் ஊர் வெயிலாக இருந்தாலும் வெறும் சிமெண்டுத் தரையில் போடாமல் சாக்கு விரியுங்கள்.

அறுவைக்கு முன் ஸ்டெத் வைத்துக் கேட்கும்போது இதயத்துடிப்போடு முணுமுணுப்புச் சத்தம் இருந்தால் மட்டும், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் ஈசிஜி பார்த்துக்கொள்ளலாம். எடையைக் கண்ணால் மதிப்பிட விடாதீர்கள், தராசில் ஏற்றச் சொல்லுங்கள். முந்தைய இரவோடு சோறு நிறுத்தம். போன மாதச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் எழுதாத அரை மாத்திரையை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.