மகளுக்கு 83, அம்மாவுக்கு 61: எந்த மதிப்பெண் சரி?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. இரண்டு வருடங்களாக டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறோம். போன முறை மருத்துவமனையில் 'பெட்ஸ்க்யூஎல்' என்று 23 கேள்விகள் கொண்ட படிவத்தை அவளிடம் கொடுத்தார்கள். அதே மாதிரி ஒன்றை என்னிடமும் கொடுத்தார்கள். அவள் பதில்களுக்கு 83 வந்தது, என் பதில்களுக்கு 61. யார் சொன்னது சரி? அடுத்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு உதவலாமா?

பதில்: இரண்டுமே சரிதான். உங்களைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று படிவம் தனித்தனியாக இருப்பதே இரண்டு பார்வைகளும் வேண்டும் என்பதால்தான். இரண்டையும் கூட்டிச் சராசரியாக 72 என்று எடுத்துக்கொண்டால், அந்த எண் அவளையும் காட்டாது, உங்களையும் காட்டாது.

இந்தப் படிவம் அளப்பதை 'உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம்' என்கிறோம். வாழ்க்கைத் தரம் என்றதும் வீடு, வருமானம் என்று நினைக்கத் தோன்றும். இங்கே பொருள் வேறு. ஓட முடிகிறதா, நல்ல தூக்கம் வருகிறதா, மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்களா, பாடத்தில் கவனம் நிற்கிறதா என்று நோயோடு அவள் வாழும் அன்றாடத்தைப் பற்றிய கேள்விகள் இவை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் இதில் குறைவாக வரலாம். ரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

மதிப்பெண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய இந்தப் பொதுப் படிவத்தில் உடல் பற்றி 8 கேள்விகள், உணர்ச்சி, பழகுதல், பள்ளி ஆகியவை பற்றித் தலா 5. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி தொந்தரவாக இருந்தது என்று 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். 'ஒருபோதும் இல்லை' என்ற 0-வுக்கு 100 மதிப்பெண், 1-க்கு 75, 2-க்கு 50, 3-க்கு 25, 'ஏறக்குறைய எப்போதும்' என்ற 4-க்கு 0. எல்லாவற்றின் சராசரிதான் உங்கள் கையில் உள்ள எண்.

உணர்ச்சிப் பகுதியில் பயம், சோகம், கோபம், தூக்கம், 'எனக்கு என்ன ஆகுமோ' என்ற கவலை என்று ஐந்து கேள்விகள். மகள் 0, 1, 1, 0, 2 என்று குறித்திருந்தால் அவளுக்கு 80. நீங்கள் 2, 2, 1, 3, 3 என்று குறித்திருந்தால் 45. இதில் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் 0, நீங்கள் 3. நடு இரவில் சர்க்கரை பார்க்க எழுந்திருப்பது யார்? நீங்கள். அவள் விரலை நீட்டிவிட்டு மறுநொடியே தூங்கிப்போயிருப்பாள். அப்புறம் விடியும் வரை விழித்திருந்தவர் நீங்கள்தான். அவள் பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பேரும் இரண்டு இரவுகளைச் சொல்லியிருக்கிறீர்கள்.

பொதுவாகவே, கண்ணுக்குத் தெரியும் உடல் சிரமங்களில் பெற்றோரும் பிள்ளையும் ஓரளவு ஒத்துப்போவார்கள். பயம், சோகம் போன்றவற்றில் விலகிப்போவார்கள். நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளை தனக்குத் தருவதைவிடக் குறைவாக மதிப்பிடுவது அடிக்கடி நடக்கிறது. 8 வயதைத் தாண்டிய, கேள்வி புரிகிற பிள்ளை என்றால் தன் மனத்தைப் பற்றி அவள் சொல்வதையே நான் முதலில் எடுத்துக்கொள்வேன். 5 முதல் 7 வயதுக்கு முகப் படங்களைக் காட்டி, வாசித்துக் கேட்கிறோம். அதற்கும் கீழே பெற்றோர் பதில் மட்டும்தான்.

ஆனால் 83 என்றதும் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். இது பரீட்சை மார்க் இல்லை. 'மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்' என்ற ஒரு கேள்விக்கு அவள் 4 என்று குறித்தால், 23 கேள்விகளின் மொத்தத்தில் குறைவது சுமார் 4 மதிப்பெண்தான். பள்ளியில் தினமும் அழுகிற பிள்ளைக்கும் மொத்தம் நன்றாகவே இருக்கலாம். அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு, 3, 4 என்று குறித்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் இருவர் பதிலும் இரண்டு படிக்கு மேல் விலகும் இடங்களையும் பாருங்கள். டாக்டரிடம் பேச வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.

சரி, பக்கத்தில் உட்காரலாமா? வேண்டாம். அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் பல பிள்ளைகள் 0-வையே தேடிப் போடுவார்கள், அம்மா வருத்தப்படக் கூடாது என்று. இந்த அன்புதான் அளவீட்டைக் கெடுக்கிறது. நீங்கள் வேறு இடத்தில் உட்கார்ந்து உங்களுடையதை நிரப்புங்கள். அவளுக்கு ஏதாவது வார்த்தை புரியவில்லை என்றால் செவிலியர் அந்தக் கேள்வியை அப்படியே திரும்ப வாசிக்கட்டும். 'அன்னைக்கு அழுதியே, அதைப் போடு' என்று யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஓரிரு கேள்வி விடுபட்டால் பரவாயில்லை. ஒரு பகுதியில் பாதிக்கு மேல் விடுபட்டால்தான் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

அடுத்த முறை வரும் எண்ணை அவளுடைய பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள், உங்களுடையதை உங்களுடையதோடு. மொத்தத்தில் 4.5-க்கும் குறைவாக ஏறி இறங்குவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு மேல் சரிந்தால் காரணம் தேடுவேன். 'இன்றைக்கு எப்படி இருக்கிறாய்' என்று மட்டும் கேட்கும் ஈக்யூ-5டி-ஒய் போன்ற வேறு படிவங்களின் எண்களை இதனோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ஊசி வலி, சர்க்கரை தாழும் பயம் போன்றவற்றைத் தனியாகக் கேட்கும் சர்க்கரை நோய்ப் பகுதியும் இதே வரிசையில் உண்டு. பொதுப் படிவத்தில் அகப்படாதது அதில் அகப்படும், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் 61-இல் உங்கள் களைப்பும் கலந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பிள்ளையின் நோய் பெற்றோரின் உடலையும் மனத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் குடும்பப் பாதிப்புப் படிவமும் இதே வரிசையில் இருக்கிறது. அடுத்த சந்திப்பில் அதையும் கேளுங்கள். இரவுப் பரிசோதனையை வீட்டில் யாருடனாவது முறை வைத்துப் பகிர முடியுமா, சர்க்கரையைத் தானாகக் கண்காணிக்கும் சென்சார் அவளுக்குப் பொருந்துமா என்று அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.