கேம் கைடு புத்தகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீடியோ கேம்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு சின்னக் கேள்வி. தெரிந்தவர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

சமீபத்தில்தான் எல்டன் ரிங் விளையாட ஆரம்பித்தேன். அதை எப்படி விளையாடுவது என்று வழிகாட்டும் பெரிய கைடு ஒன்று இரண்டு தொகுதிகளாக வந்திருக்கிறது. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையும் அதற்கேற்றபடி. வாங்கலாமா என்று நண்பர்களிடம் கேட்டேன். "எல்லாம் விக்கியில் இருக்கிறது, யூடியூபில் ஒவ்வொரு அடியாகக் காட்டுகிறார்கள், இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா?" என்றார்கள். அவர்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் ஆசை விடவில்லை.

என் மகளுக்குப் பத்து வயது. எந்நேரமும் மைன்கிராஃப்ட்தான். அவளும் ஒரு மைன்கிராஃப்ட் புத்தகம் கேட்கிறாள். பழைய ஃபைனல் ஃபேன்டஸி கைடுகள் இரண்டாம் கையாக விற்பனைக்கு வருவதையும் பார்க்கிறேன். இவற்றை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? கைடு பார்த்து விளையாடுவதே ஏமாற்று வேலை என்று ஒரு நண்பர் சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி. ஒரு சாவி எந்த அறையில் இருக்கிறது, ஒரு பாஸை, அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரியை, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று உடனே தெரிய வேண்டுமானால் புத்தகம் தேவையே இல்லை. தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் கைடு சந்தையைக் கையில் வைத்திருந்த ப்ரைமா கேம்ஸ், பிராடிகேம்ஸ் என்ற இரண்டு பெயர்களும் 2015-ல் ஒன்றாயின. 2018 நவம்பரில் அச்சு கைடுகளையே நிறுத்தப்போவதாக ப்ரைமா அறிவித்தது. ஜப்பானில் 1985-ல் மிக அதிகமாக விற்ற புத்தகமே சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கைடுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு பெரிய சரிவு இது என்று புரியும்.

இருந்தாலும் நான் இன்னும் கைடு வாங்குகிறேன், மற்றவர்களையும் வாங்கச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இல்லை. டிவியை அணைத்துவிட்டு, கையில் கன்ட்ரோலர் இல்லாமல், அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்து உட்கார்ந்து படிக்க முடியுமா? இதைத்தான் நான் பார்ப்பேன். முடியும் என்றால் கொடுத்த பணம் வீண் இல்லை. முடியாது என்றால் அது வெறும் விடைத்தாள், அதற்கு இணையம் போதும்.

பழைய கைடுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. அவை உருவான விதம் அப்படி. விளையாட்டு விற்பனைக்கு வரும் அன்றே கைடும் வந்தாக வேண்டும். அதனால் எழுதுபவர்களுக்குக் கிடைத்தது முடிக்கப்படாத பிரதி. அதை வைத்து அவசர அவசரமாக எழுதி அச்சுக்கு அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு ஆயுதத்தின் பலத்தைக் குறைத்தாலோ, ஒரு பெட்டியை வேறு குகைக்கு மாற்றினாலோ புத்தகம் பொய்யாகிவிடும். எழுதியவர்களின் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம்தான் குறை.

வாசகரை மதிக்காமல் செய்யப்பட்ட கைடுகளும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 9-க்கு 2000-ல் வந்த பிராடிகேம்ஸ் கைடைப் பாருங்கள். முக்கியமான இடங்களில் விஷயத்தைச் சொல்லாமல் ஒரு குறிச்சொல்லை மட்டும் தந்து, பிளேஆன்லைன் என்ற இணையதளத்துக்குப் போய் அதைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் விடை இல்லை. அந்தத் தளத்தில் இருந்த பக்கங்களும் பிறகு போய்விட்டன. இன்று அந்தப் புத்தகம் ஓட்டை விழுந்த புத்தகம். உங்கள் கண்ணில் பட்ட பழைய ஃபைனல் ஃபேன்டஸி கைடுகளில் இது இருந்தால் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

விளையாட்டே கைடை நம்பி அமைக்கப்பட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் இடங்களும் இருக்கின்றன. ஃபைனல் ஃபேன்டஸி 12-ல் ஜோடியாக் ஸ்பியர் என்ற மிக வலிமையான ஈட்டி ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு முன் வரும் நான்கு குறிப்பிட்ட பெட்டிகளைத் திறக்கவே கூடாது. எந்த நான்கு என்று விளையாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணில் படும் பெட்டியை எல்லாம் திறப்பதுதான் இந்த வகை விளையாட்டில் எல்லாரும் செய்வது. வெளியிலிருந்து யாராவது சொன்னால் தவிர இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கைடு விற்பதற்காகவே இப்படிச் செய்தார்கள் என்று பல ரசிகர்கள் இன்றும் நம்புகிறார்கள். அது உண்மையோ இல்லையோ, இப்படி ஒரு விதியை வைப்பது விளையாடுகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017-ல் வந்த ஜோடியாக் ஏஜ் பதிப்பில் அந்த விதியை நீக்கிவிட்டார்கள்.

சரி, நல்ல கைடு எப்படி இருக்கும்? நான் மிகவும் மதிக்கும் உதாரணம் 1980-களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. சோர்க் போன்ற எழுத்து வழி விளையாட்டுகளைச் செய்த இன்ஃபோகாம் நிறுவனம், இன்விசிக்ளூஸ் என்ற பெயரில் குறிப்புப் புத்தகங்களை வெளியிட்டது. அதில் கேள்விகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் பல பதில்கள் படிப்படியாக இருக்கும். முதல் பதில் எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று லேசாகத் தொட்டுக் காட்டும், அடுத்தது இன்னும் கொஞ்சம் நெருங்கும், கடைசியில்தான் முழு விடை. எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில். கேள்விகளைப் படித்தே விளையாட்டில் வரப்போவதை ஊகித்துவிடக் கூடாது என்று, விளையாட்டில் இல்லாத விஷயங்கள் பற்றிய பொய்க் கேள்விகளையும் நடுநடுவே கலந்து வைத்தார்கள். அடுத்தவருடைய கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைக் காப்பாற்ற ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இதோடு யூடியூபை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு புதிருக்கு உதவி தேடிப் போனால் வீடியோவின் தலைப்பிலேயே அடுத்த பாஸின் பெயர் இருக்கும், பக்கத்துப் படத்தில் கதையின் முடிவே இருக்கும். கேட்டது ஒரு வரி, கிடைப்பது முழுக் கதை. எழுதப்பட்ட இணைய கைடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். 1995-ல் தொடங்கிய கேம்ஃபேக்ஸ் இணையதளத்தில் ஒரு பைசா வாங்காமல், வெறும் எழுத்துகளையும் கோடுகளையும் அடுக்கியே வரைபடம் போட்டுத் தந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அச்சில் வந்தவர்களைவிட நன்றாக எழுதினார்கள்.

இப்போது உங்கள் எல்டன் ரிங். அது 2022 பிப்ரவரியில் வந்தது. மார்ச்சிலேயே ஒரு பெரிய அப்டேட். அதில் நெஃபெலி, டையாலோஸ், கென்னத் ஹெய்ட் போன்ற பாத்திரங்களின் கதைகளுக்கு அதுவரை இல்லாத பகுதிகள் சேர்க்கப்பட்டன, எல்லாரும் நம்பியிருந்த ஒரு பனித் தாக்குதலின் பலம் குறைந்தது. விளையாட்டோடு அதே நாளில் ஒரு கைடு வந்திருந்தால் ஒரே மாதத்தில் பழசாகியிருக்கும். நீங்கள் பார்த்த இரண்டு தொகுதிகளை வெளியிட்டது ஜெர்மனியின் ஃபியூச்சர் பிரஸ். அவர்கள் அவசரப்படவில்லை, பல மாதம் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் எண்கள் சில மாறியிருக்கும், அது தவிர்க்க முடியாது. ஆனால் ஒரு கோட்டை ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ஒரு எதிரி எந்த அசைவுக்குப் பிறகு எந்த அசைவைத் தேர்ந்தெடுக்கிறது, எந்தக் குறுக்குவழி எங்கே திறக்கிறது என்பவை மாறுவதில்லை. இதே பதிப்பகம் 2015-ல் வெளியிட்ட பிளட்போர்ன் கைடில் விளையாட்டின் இயக்குநர் ஹிடேடகா மியசாகியின் பேட்டியும் உண்டு. விளையாடி முடித்த பிறகும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற புத்தகம் அது.

ஆகவே ஒரு கைடை வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டியது, அந்த விளையாட்டு மாறி முடிந்துவிட்டதா என்பது. ஆன்லைனில் மாதாமாதம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டி விளையாட்டுகளுக்கு அச்சு கைடு வாங்காதீர்கள். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

மைன்கிராஃப்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் உலகத்தின் அடிமட்டம் பூஜ்யம். வைரம் வேண்டுமென்றால் 11, 12-ஆம் மட்டத்தில் தோண்டு என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லின. 2021 நவம்பரில் வந்த 1.18 அப்டேட் அடிமட்டத்தை மைனஸ் 64-க்குக் கொண்டுபோனது. இப்போது ஆழம் போகப்போகத்தான் வைரம் அதிகம், மைனஸ் 59 அளவில் தோண்டுகிறார்கள். பழைய புத்தகத்தை நம்பி ஒரு குழந்தை 12-ல் தோண்டிக்கொண்டிருந்தால் பாவம். அதனால் புத்தகம் எந்த வருடத்துப் பதிப்பு என்று கட்டாயம் பாருங்கள். கட்டடம் கட்டுவது பற்றிய புத்தகமாக இருந்தால் பழையதும் பரவாயில்லை. ஒரு கோபுரத்தின் கூரையை எப்படிச் சரிப்பது, எந்தக் கல்லோடு எந்த மரம் சேர்ந்தால் அழகு என்பதை எந்த அப்டேட்டும் அழித்துவிடாது. அவளுக்கு நான் அந்த வகையைத்தான் வாங்கிக் கொடுப்பேன்.

கைடு பார்ப்பது ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. வேலை, குடும்பம் என்று இருக்கிறவருக்கு வாரத்தில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதை ஒரே சுவரில் முட்டிக்கொண்டு செலவழிக்க வேண்டும் என்று யாரும் கட்டளை போட முடியாது. விரல் வேகமாக ஓடாதவர்களுக்கும் கதையின் முடிவைப் பார்க்க உரிமை உண்டு. என் கவலை வேறு. கைடு சில விளையாட்டுகளின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட் விளையாட்டில் 900 கொரோக் விதைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உங்கள் பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900-ஐயும் சேர்த்தால் கிடைப்பது எதற்கும் பயன்படாத ஒரு வேடிக்கைப் பரிசு. ஒரு மலை முகட்டில் தனியாகக் கிடக்கும் கல்லைப் பார்த்து, "இதற்குக் கீழே ஏதாவது இருக்குமோ?" என்று நீங்களாகத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கணத்துக்காக அவை வைக்கப்பட்டவை. பாதியை நீங்கள் பார்க்காமலே போவீர்கள் என்று தெரிந்துதான் இத்தனை வைத்திருக்கிறார்கள். பிக்கிபேக் வெளியிட்ட அந்த விளையாட்டின் கைடு மிக அழகான புத்தகம், வரைபடங்களை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் அதை முதல் நாளிலிருந்தே மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதையாக டிக் அடித்தால், ஊர் சுற்றப் போனவர் கணக்கெடுக்க வந்தவர் ஆகிவிடுவார். முதல் முறை ஒரு இடத்தைப் பார்ப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதைக் காப்பாற்றிக்கொண்டு பிறகு புத்தகத்தைத் திறங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரண்டாம் கையாக வாங்குவது பற்றி: முதலில் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். பல பழைய கைடுகள் வெறும் பசை போட்டு ஒட்டியவை, நன்றாக விரித்தால் தாள் தாளாகக் கழன்று வரும். மடித்து வைத்த பெரிய வரைபடமோ போஸ்டரோ வந்திருந்தால் அது இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் காணாமல் போகும். பின்னால் விலை ஏறும் என்ற எண்ணத்தில் மட்டும் எதையும் வாங்க வேண்டாம். பழையதில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எர்த்பவுண்ட் என்ற விளையாட்டின் கைடைச் சொல்வேன். 1995-ல் அமெரிக்காவில் அந்த விளையாட்டு வந்தபோது பெரிய பெட்டிக்குள் கைடையும் சேர்த்தே வைத்து விற்றார்கள். அதில் வரும் ஊர்களை நிஜ ஊர்கள் போலவே பாவித்து, சுற்றுலாப் பயணிக்குச் சொல்வது போல எழுதியிருப்பார்கள். பாத்திரங்களைக் களிமண் பொம்மைகளாகச் செய்து படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். விளையாட்டையே தொடாதவரும் ரசித்துப் படிக்கலாம்.

கடைசியாக, உங்கள் இரண்டு தொகுதிகள். முதல் தொகுதி நிலப்பரப்பையும் பாத்திரங்களின் கதைகளையும் சொல்கிறது, இரண்டாவது எதிரிகளையும் ஆயுதங்களையும் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். முதலாவதை மட்டும் வாங்குங்கள். விளையாட்டின் முதல் நிலப்பகுதியான லிம்கிரேவைச் சுற்றி முடித்த பிறகு லிம்கிரேவ் பகுதியைப் படியுங்கள், அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். பாஸ்களிடம் நீங்களே தோற்று நீங்களே ஜெயியுங்கள், அதற்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் இந்த விளையாட்டில் பாத்திரங்களின் கதைகள் மிக எளிதாகக் கைவிட்டுப் போகும். ஒருவரிடம் ஒரு தடவை பேசாமல் கடந்தால் அவர் கதை அங்கேயே முடிந்துவிடலாம். யாரைத் தவறவிட்டோம் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள அந்தத் தொகுதி உதவும். படித்துப் பிடித்திருந்தால் அப்புறம் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்.