தாத்தாவின் ரிக்கார்டு பெட்டிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தா திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மைக் செட் போட்டவர். அவர் காலத்துக்குப் பிறகு பரணிலேயே கிடந்த இரண்டு இரும்புப் பெட்டிகளை இப்போதுதான் இறக்கினோம். நூற்றுக்கும் மேல் ரிக்கார்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை. நடு லேபிளில் தாத்தா கையால் எண்ணும் ஊர்ப்பெயரும் எழுதியிருக்கிறார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்கிறார் பழைய சாமான் வாங்குபவர். மொத்தமாக விலைக்கும் கேட்கிறார். என்ன செய்யலாம்?

வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்பிரிட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். உங்கள் பெட்டியில் இரண்டு வகைத் தட்டுகள் கலந்திருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. மரச்சாமானுக்கு பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். அதே ஸ்பிரிட் உங்கள் தட்டின் வரிப்பள்ளங்களையும் கரைத்துவிடும், பாட்டு போய்விடும். நம் நாட்டில் 1960களின் இறுதிவரை அரக்குத் தட்டுகள் வந்தன. கனமாக, தடிமனாக இருக்கும். கைதவறினால் பீங்கான் போல் உடையும். 33, 45 சுற்றுத் தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அவை எளிதில் உடையாது, ஆனால் சூட்டில் நெளிந்துவிடும். வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். லேபிளில் உள்ள வேகத்தைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள்.

பிரிப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டியில் இருந்த வரிசையிலேயே ஒவ்வொரு தட்டின் இரண்டு பக்கத்தையும், உறையையும், தாத்தாவின் கையெழுத்து தெரியும்படி போட்டோ எடுங்கள். நாய் மார்க் (எச்.எம்.வி. கம்பெனி) தட்டு ஆயிரக்கணக்கில் அச்சானது, வேறெங்காவது கிடைக்கலாம். எந்த ஊர்த் திருவிழாவுக்கு எந்தத் தட்டு போனது என்று ஒரு மைக் செட்காரர் எழுதிவைத்த குறிப்பு வேறெங்கும் கிடையாது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்கள் எதைக் கேட்டு வளர்ந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று அந்த மையை அழித்துவிட்டால் பாதிச் சொத்து போயிற்று.

ஆகவே லேபிளில் ஈரம் படவே கூடாது. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பூஞ்சை பிடித்தவற்றை மட்டும் தனியே எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் செய்யுங்கள். வினைலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு கலந்து, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் சோப்பை எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உதவாது, உப்பு படியும். அரக்குத் தட்டுக்கும் இதே முறைதான். ஆனால் ஊறவிடாமல் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள்.

மறுபடி பரணில் ஏற்றவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி என்றால் தளத்துக்கு அடியில் அதைவிடச் சூடு. மேற்கு வெயில் விழாத சுவரோரம், கறையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திய பலமான அலமாரியில் செங்குத்தாக நிறுத்துங்கள். நூறு எல்.பி. (33 சுற்றுப் பெரிய தட்டு) உறையோடு 20 கிலோவுக்கு மேல் வரும், பலகை அதைத் தாங்க வேண்டும். சாய்ந்தால் நெளியும், அதனால் இடையிடையே தடுப்பு வையுங்கள். உருவ முடியாதபடி நெருக்கவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே ஈரம் தங்கி மறுபடி பூஞ்சை வரும். பாச்சை உருண்டையும் வேண்டாம்.

போட்டுக் கேட்க ஆசை வரும். 78 தட்டின் வரி அகலமானது, எல்.பி.யின் ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய ஊசி வேண்டும். தாத்தாவின் பழைய கிராமபோன் இருந்தால் அதன் இரும்பு ஊசியை எல்.பி. மேல் வைத்துவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

விலை விஷயம். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் பாடிய முதல் தட்டு வெளிவந்தது 1926இல். அந்தக் காலத்துத் தட்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று பட்டியல் போடாமல் சொல்ல முடியாது. பட்டியல் முடியும்வரை ஒன்றையும் விற்காதீர்கள். ஊர்ப்பெயர் எழுதியவற்றை அதற்குப் பிறகும் விற்காதீர்கள். போட்டோக்களை எனக்கு அனுப்புங்கள். அந்த ஊர்ப்பெயர்களை நானும் உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.